புகையினால் சுவாசப்பைக்கு உண்டாகும் தீங்கும் கடுகினக் காய்கறிகளும்

கரும்புத் தோகையை வயலிலேயே கொளுத்துவதாலும், காற்றோட்டமில்லாத சமையலறையில் விறகும் வறட்டியும் எரிப்பதாலும் எழும் புகை விரைவில் கண்ணுக்கு மறைந்துபோயினும், அதிலுள்ள நுண்துகள்கள் காற்றில் தங்கி நிற்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் நானூறில் ஒரு பங்குக்கும் குறைந்த பருமனுள்ள துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தடைபடாமல் சுவாசப்பையின் சிற்றறைகள் வரை சென்று படிகின்றன. அதனால் அழற்சி உண்டாகி, நாளடைவில் இருமலும் மூச்சுத் திணறலும் முற்றுகின்றன. 2020-ஆம் ஆண்டில் வீட்டு அடுப்புப் புகையினால் உலகெங்கும் ஏறக்குறைய 32 லட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது.

இத்தீங்கைத் தணிக்கத் தாவர உணவு உதவுமா என்பதைப் பற்றி ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. முட்டைக்கோசு, காலிபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றை நறுக்கும்போதும் மெல்லும்போதும், இவற்றிலுள்ள கந்தகச் சேர்க்கைப் பொருள் ஒருவித நொதியினால் மாறுதலடைந்து காரமுள்ள வேறு பொருளாகிறது. அவ்வினத்தைச் சேர்ந்த புரோக்கோலியில் உண்டாகும் சல்ஃபோராஃபேன் என்னும் பொருள் உடலின் தற்காப்பு நொதிகளைப் பெருக்குகிறதென்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் பால் டலலேயும் அவருடன் உழைத்தவர்களும் 1992-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர்.

சீன தேசத்தில் யாங்ட்ஸி நதி முகத்துவாரத்தை அடுத்த சீடோங் பிரதேசத்தில் 291 பேரைக்கொண்டு நடந்த பரிசோதனையின் முடிவு 2014-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்குப் புரோக்கோலி முளைகளிலிருந்து செய்த பானமும், மற்றப் பிரிவினருக்கு அச்சத்தில்லாத பானமும் 12 வாரம் தினந்தோறும் கொடுக்கப்பட்டன. முளைப் பானம் அருந்தியோரின் சிறுநீரில், காற்றினால் உட்சென்ற பென்ஸீன் என்னும் நஞ்சு 61 சதவிகிதமும், அக்ரோலீன் என்னும் நஞ்சு 23 சதவிகிதமும் அதிகமாக வெளியேறின. நஞ்சு விரைந்து வெளியேறியதேயன்றி, நோய் தடுக்கப்பட்டதென்று இதனால் நிரூபணமாகவில்லை.

தாவரச் சத்தைப் பிரித்து மாத்திரையாக உட்கொள்வது வேறு விஷயம். காரட்டிலும் கீரையிலுமுள்ள பீட்டா கரோட்டீனைப் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தனர். மொத்தம் 29,133 பேர் பங்கு கொண்ட இப்பரிசோதனையின் முடிவு 1994-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, அம்மாத்திரையை உண்டவர்களிடையே சுவாசப்பைப் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகமாகக் காணப்பட்டது. ஆகையால் இத்தகைய மாத்திரைகளை நம்பிப் பணத்தைச் செலவிடலாகாது.

விவசாயிகள் இவ்வினக் காய்கறிகளைக் கொல்லையில் பயிரிட்டு உணவில் சேர்த்துக்கொள்வது நன்று. வேறு குடும்பத்ததாயினும், முருங்கையிலும் இதையொத்த பொருளும் நொதியும் உண்டு. நெடுநேரம் வேகவைத்தால் நொதி அழிந்துவிடும். எனவே, காயை நறுக்கிச் சிறிது நேரம் வைத்திருந்து பிறகு இலேசாக வேகவைக்க வேண்டும். இறக்கியபின் பச்சைக் கடுகுப் பொடி சிறிது தூவுவதும் பயன்தரும்.

எனினும், எக்காய்கறியும் புகையைத் தடுக்காது. தோகையைக் கொளுத்தாமல் கரும்புச் சால்களில் பரப்பினால், ஈரம் காக்கப்பட்டுக் களை அடங்குவதுடன் அது மக்கி எருவுமாகும். சமையலறையில் புகைபோக்கி அமைத்து, நன்கு உலர்ந்த விறகையே எரிக்க வேண்டும். பள்ளிக்கூடத்திற்கும் குடியிருப்புகளுக்கும் அருகில் குப்பை கொளுத்தப்படாதவாறு கிராம உத்தியோகஸ்தர்கள் கவனித்தல் அவசியம். ஓயாத இருமலும் இளைப்பும் உள்ளவர்கள் உணவை மட்டும் நம்பியிராமல் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டிக்கொள்ள வேண்டும்.