மடிக்கணினியின் வாட் கணக்கு

பொம்மிடி ரயில் நிலையத்தில், சேலம் செல்லும் வண்டிக்காக ஒரு தந்தையும் மகளும் காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். கல்லூரியில் அவளுக்கு முப்பரிமாண வடிவமைப்பு ஒரு பாடம். ஓய்வு நேரத்தில் விளையாடவும் ஆசை. பையில் அடங்கும் சிறிய 'கேமிங் லேப்டாப்' ஒன்று இருந்தால் இரண்டுக்கும் ஆகும் என்று தோழிகள் சொல்லியிருக்கிறார்கள். விலையோ ஒரு லட்சத்தைத் தாண்டும். மரவள்ளி விற்ற பணம் பாதி, நகைக்கடன் பாதி. தவறாக வாங்கிவிட்டால் மாற்றி வாங்க வழியில்லை.

அவள் கையிலிருக்கும் தாளில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும்? திரை எப்படி? விசிறி எவ்வளவு இரையும்? கடைக்காரர் மூன்றுக்கும் தனித்தனியே விடை சொல்வார். ஆனால் மூன்றும் ஒரே கேள்வியின் கிளைகள். அந்த இயந்திரம் ஒரு நொடியில் எவ்வளவு மின்னாற்றலை உண்கிறது என்பதே அக்கேள்வி. எப்படி என்று பார்ப்போம்.

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய மடிக்கணினி ஏதேனும் கிடக்கிறதா? 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவோ சித்தப்பாவோ பெற்றதாகக்கூட இருக்கலாம். அதைத் திருப்பிப் பாருங்கள். மின்கலத்தின்மேல் 10.8 வோல்ட், 4400 மில்லி ஆம்பியர்-மணி என்பதுபோல அச்சிட்டிருக்கும். 4400 மில்லி ஆம்பியர் என்பது 4.4 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 47.5 வாட்-மணி. இதுதான் தொட்டியின் கொள்ளளவு. 2020இல் வெளிவந்த அசுஸ் செஃபைரஸ் ஜி14 என்னும் 14 அங்குல விளையாட்டு மடிக்கணினியில் இது 76 வாட்-மணி. இன்னும் பெரிய மின்கலம் வைத்தால் எடை கூடும். அதோடு, 100 வாட்-மணிக்கு மேற்பட்ட மின்கலத்தை விமானத்தில் கொண்டுசெல்ல விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதனால்தான் பெரிய மடிக்கணினிகளிலும் மின்கலம் 99 வாட்-மணி அளவோடு நின்றுவிடுகிறது.

தொட்டி எவ்வளவு பெரியது என்று தெரிந்தால் போதாது. குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்றும் தெரியவேண்டும் அல்லவா? பாடம் படிக்கும்போது மடிக்கணினி 8 வாட் எடுக்கிறது என்று கொள்வோம். 76ஐ 8ஆல் வகுத்தால் ஒன்பதரை மணி நேரம். அதே கணினி ஒரு கனமான விளையாட்டில் 80 வாட் எடுத்தால் ஒரு மணி நேரம்கூட நிற்காது. விளம்பரத்தில் காணும் 'ஒன்பது மணி நேரம்' பொய் இல்லைதான். ஆனால் அது எந்த வேலைக்கான ஒன்பது மணி என்பது சிறிய எழுத்தில்தான் இருக்கும்!

எத்தனை வாட் செலவாகிறது என்பதை வீட்டிலேயே அளக்கலாம். மின்கலத்தை முழுவதும் நிரப்பியபின் மடிக்கணினியை மின்இணைப்பிலேயே விட்டுவிட்டு, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள். மின்னணு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அது 3200 என்றால், 1000 வாட்-மணியை 3200ஆல் வகுக்க, ஒரு சிமிட்டலுக்கு 0.3125 வாட்-மணி, அதாவது 1125 ஜூல். சிமிட்டல்களுக்கு இடையே 18 நொடி ஆனால் 1125 ÷ 18 = 62 வாட். ஒன்பது நொடியே ஆனால் 125 வாட். மின்மாற்றியில் வீணாவதும் இதில் சேர்ந்திருக்கும். நம் கணக்குக்கு அது பெரிதில்லை. மீட்டரைக் கண்ணால் பார்த்தால் போதும், பெட்டியைத் தொடவேண்டாம்.

இனித் திரை. கடையில் எல்லாத் திரையும் அழகாகத்தான் தெரியும். வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தால்தான் வேறுபாடு விளங்கும். திரையின் ஒளிர்வை நிட் என்னும் அலகால் குறிப்பார்கள். ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒரு கேண்டெலா ஒளி வந்தால் ஒரு நிட். பகலில் திறந்தவெளி நிழலில் சுமார் 10,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். சொரசொரப்பான திரைப்பரப்பு அதில் நூற்றில் ஒரு பங்கைச் சிதறடித்தால், 10,000 × 0.01 ÷ 3.14 = 32 நிட் வெளிச்சம் திரையெங்கும் வெள்ளையடித்ததுபோலப் படரும். கருப்பு நிறம்கூட 32 நிட்டாகத் தெரியும். 300 நிட் திரையில் வெள்ளை, கருப்பைப்போல் பத்து மடங்கு ஒளிரும். 500 நிட் திரையில் பதினேழு மடங்கு. நேர் வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ்! அங்கே படரும் ஒளியே 318 நிட். 500 நிட் திரையும் அங்கே பரிதாபமாகத்தான் தெரியும். அதற்கு அதிகப் பணம் கொடுப்பதைவிட, நாற்காலியை நிழலுக்கு நகர்த்துவது மலிவு.

புள்ளிகளின் எண்ணிக்கையிலும் ஏமாந்துவிடக் கூடாது. 1920 × 1200 என்றால் ஏறத்தாழ 23 லட்சம் புள்ளிகள். 2560 × 1600 என்றால் 41 லட்சம். 14 அங்குலத் திரையில் முதல் வகையின் ஒரு புள்ளி 0.157 மில்லிமீட்டர். அரை மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் அது நம் கண்ணில் ஏறத்தாழ ஒரு கோணக் கலை அளவே அமைகிறது. இயல்பான மனிதக் கண் பிரித்தறியும் எல்லையும் ஏறக்குறைய அதுவே. அதற்குமேல் நுணுக்கம் கூட்டினால் கண்ணுக்குக் கிடைப்பது சிறிது. ஆனால் வரைகலைச் செயலி 1.78 மடங்கு புள்ளிகளை வரைந்தாகவேண்டும்.

படம் மாறும் வேகமும் இப்படியே. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி, 120 என்றால் 8.3. இந்த வேறுபாடு கைக்கு நன்றாகத் தெரியும். 165 என்றால் 6.1. மிச்சமாவது இரண்டு மில்லிநொடிதான், ஆனால் வேலைப்பளுவோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறுகிறது. படிக்கும்போது திரையின் விளக்கே வாட் கணக்கில் பெரும்பங்கு பிடிக்கிறது. விளையாடும்போது திரை தானாக உண்பது சிறிது. செயலியை உண்ணவைப்பதுதான் பெரிது.

செயலி உண்ட அத்தனை வாட்டும் முடிவில் வெப்பமாகிறது. 80 வாட் குண்டு பல்பு ஒன்றை நோட்டுப்புத்தகத்துக்குள் மூடிவைத்ததுபோலத்தான். அந்த வெப்பத்தை வெளியே தள்ள விசிறி வேண்டும். சிறிய உடலில் சிறிய விசிறிதான் அடங்கும். சிறிய விசிறி வேகமாகச் சுற்றியாகவேண்டும். விசிறியின் வேகம் கூடும்போது இரைச்சல், 'வேக விகிதத்தின் மடக்கை × 50' என்ற அளவில் டெசிபலில் ஏறும் என்பது பொறியாளர்களின் நடைமுறை விதி. வேகம் இரட்டித்தால் 15 டெசிபல் கூடும். 10 டெசிபல் கூடினாலே நம் காதுக்கு இருமடங்கு சத்தமாகப் படும்.

பொம்மிடி வாசகர் கவனிக்கவேண்டிய இடம் இது. கடையில் குளிர்சாதனம் ஓடுகிறது. அங்கே 24 டிகிரி. மே மாதத்தில் நம் பக்கத்து வீடுகளில் 38 டிகிரி புதிதில்லை. தகரக் கூரையின் கீழ் இன்னும் கூடும். செயலி 95 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று கொள்வோம். கடையில் செயலிக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு 71 டிகிரி. வீட்டில் 57 தான். அதே வெப்பத்தை வெளியேற்ற ஏறத்தாழ 71 ÷ 57 = 1.25 மடங்கு காற்று வேண்டும். மடக்கை அட்டவணையில் 1.25க்கு 0.097, அதை 50ஆல் பெருக்க, ஏறத்தாழ 5 டெசிபல். அதே இயந்திரம் சேலத்துக் கடையில் பாடியதைவிட வீட்டில் உரக்கப் பாடும்! ரயில் ஊதிவிட்டுப் போய்விடும். இந்த விசிறியோ இரவு முழுதும் தம்பியின் தலைமாட்டில் ஓடும். காற்று போதாவிட்டால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய வேகம் அப்போது கைக்கு வராது.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. செயலி உண்ணும் ஆற்றல், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் அலைவெண்ணையும் பெருக்கிய அளவில் இருக்கும். அலைவெண்ணை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்னழுத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு குறைக்கமுடியும் என்று கொள்வோம். 0.9 × 0.9 × 0.8 = 0.65. வேகத்தில் இழந்தது 20 விழுக்காடு. ஆற்றலில் மிச்சம் 35 விழுக்காடு. விசிறியும் 0.65 மடங்கு வேகத்தில் சுற்றினால் போதும். மடக்கைக் கணக்குப்படி 9 டெசிபல் குறைகிறது. காதுக்குச் சத்தம் ஏறத்தாழப் பாதி. செயலியின் பங்கில் மின்கலம் ஒன்றரை மடங்கு நேரம் நிற்கும். இந்த மாற்றத்துக்குக் காசு வேண்டியதில்லை. 'சைலன்ட்' என்றோ 'அமைதி' என்றோ அமைப்புகளில் அது இருக்கும். விளையாட்டில் படவேகத்தை 60க்கு வரம்பிட்டாலும் இதே திசையில் பயன் கிடைக்கும்.

ஆகவே அந்த மகளுக்கு என் யோசனை இது: 1920 × 1200 புள்ளி, 120 படவேகம், 70 வாட்-மணிக்குக் குறையாத மின்கலம் ஆகியவை உள்ளதாக ஒன்றைத் தேடட்டும். 165 படவேகத்துக்கும் 41 லட்சம் புள்ளிகளுக்கும் ஆகும் பணம் மிச்சமானால் நகைக்கடனில் கொஞ்சம் குறையும். கடையில் கனமான விளையாட்டு ஒன்றைப் பத்து நிமிடம் ஓடவிடச் சொல்லவேண்டும். முதல் நிமிடத்தில் எல்லா இயந்திரமும் அமைதிதான். பிறகு, முடிந்தால் கடையின் குளிர்சாதனத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு விசிறியைக் கேட்கவேண்டும். கேட்ட இரைச்சலோடு மே மாதத்துக்காக 5 டெசிபலைக் கூட்டிக்கொண்டு, அப்புறம் பணத்தை எண்ணட்டும்.