வால் ஆடினால் கைரோவைத் திட்டாதீர்கள்

ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டரில் வால் அடங்காவிட்டால் முதல் பழி கைரோ மேல்தான் விழும். கழற்றிவிட்டு விலை கூடிய இன்னொன்றை மாட்டுவார்கள், அதுவும் ஆடும். பெரும்பாலும் கைரோ ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அது சொல்லும் இடத்துக்கு வாலால் போக முடியாது, எங்கோ உரசிக்கொண்டிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் திருப்புளிக்கு முதலிடம், செட்டிங்குக்கு இரண்டாமிடம்.

எடுத்துக்காட்டாக, பெல்ட்டில் ஓடும் வால் கொண்ட 450 ரக ஹெலியையும் (அலைன் டி-ரெக்ஸ் 450 போன்றது) ஃபுடாபா ஜிஒய்401 போன்ற தனி கைரோவையும் வைத்துக்கொள்வோம். இன்று மூன்று அச்சையும் கவனிக்கும் ஃப்ளைபார்லெஸ் பெட்டிகள்தான் அதிகம். அவற்றிலும் வால் பகுதிக்கு இதே வரிசைதான். குமிழுக்குப் பதில் மென்பொருளில் திருப்புவீர்கள்.

மேலிருந்து பார்க்கும்போது பெரிய விசிறி கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. அதன் எதிர்விசை ஹெலியின் மூக்கை இடப்பக்கம் தள்ளும். வால் விசிறி எந்நேரமும் மூக்கை வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தால்தான் நேராக நிற்கும். ரேட் மோடில் கைரோ திரும்பும் வேகத்தை மட்டும் தடுக்கும். ஹெடிங் ஹோல்டில் (ஃபுடாபா இதை ஏவிசிஎஸ் என்கிறது) மூக்கு எவ்வளவு விலகியது என்பதையும் நினைவில் வைத்து, பழைய திசைக்குத் திருப்பிக் கொண்டுவரும். பறக்கச் சுகமான மோடு. ஆனால் இயந்திரக் குறைகளையெல்லாம் மூடி மறைத்துவிடும். ஆகவே ரேட் மோடில் அமையுங்கள், ஹெடிங் ஹோல்டில் பறங்கள்.

மேசையில்

மோட்டாரின் மூன்று கம்பிகளில் இரண்டைக் கழற்றி, ஒன்றோடொன்று தொடாமல் டேப் ஒட்டுங்கள். 450 தானே என்று அலட்சியம் வேண்டாம். விரலைப் பதம் பார்க்க அது போதும்.

சர்வோவிலிருந்து புஷ்ராடைக் கழற்றி, வால் ஸ்லைடரை விரலால் நகர்த்துங்கள். முழுத் தூரமும் வெண்ணெய் போல வழுக்க வேண்டும். ஓரிடத்தில் பிடித்தாலும் அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். பால் லிங்க் இறுக்கமா, புஷ்ராட் வழிகாட்டி வளையங்கள் கோணலா, வால் தண்டு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். நேர்மாறாக லொடலொடவென்று ஆட்டம் இருந்தாலும் தொல்லைதான். வால் இறக்கைகளின் போல்ட்டை, சுழலும்போது அவை தாமே நேராகிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். வால் விசிறியைப் பிடித்துக்கொண்டு பெரிய பல்சக்கரத்தை லேசாகத் திருப்பிப் பாருங்கள். பெல்ட் பல் தாண்டினால் தளர்ந்திருக்கிறது.

கைரோவை அதன் உணர் அச்சு பெரிய விசிறித் தண்டுக்கு இணையாக இருக்குமாறு, கூடவந்த இருபக்க நுரை டேப்பில் ஒட்டுங்கள். கம்பிகள் தளர்வாகத் தொங்கட்டும். விறைத்த கம்பி உடம்பின் அதிர்வை நேரே கைரோவுக்குக் கொண்டுபோகும்.

அடுத்தது டிரான்ஸ்மிட்டர். ரடர் ட்ரிம், சப்-ட்ரிம் இரண்டும் பூஜ்யம். த்ராட்டிலோடு ரடரைச் சேர்க்கும் ரெவல்யூஷன் மிக்ஸிங் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஹெடிங் ஹோல்டு கைரோவுக்கு ட்ரிம் என்பது "மெல்லத் திரும்பு" என்ற கட்டளை. விடாமல் திருப்பிக்கொண்டே இருக்கும்.

பணத்தைக் காப்பாற்றும் கட்டம் இது. வால் சர்வோக்களில் நடுத் துடிப்பு 1520 மைக்ரோ செகண்டு உள்ளவை ஒரு வகை, 760 உள்ளவை இன்னொரு வகை. ஜிஒய்401 முதல் வகைக்கானது. மாற்றிப் பொருத்தினால் சர்வோ ஒரு மூலைக்கு ஓடி முனகும். அனலாக் சர்வோவை மாட்டிவிட்டு டிஜிட்டல் சர்வோ சுவிட்சைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் எரிந்துபோகும்.

இப்போது ரேட் மோடில் மின்சாரம் கொடுங்கள். தொடக்கச் சிமிட்டல் அடங்கும்வரை ஹெலியைத் தொடாதீர்கள். சர்வோ கை புஷ்ராடுக்குச் செங்குத்தாகவும், ஸ்லைடர் ஏறத்தாழ நடுவிலும், வால் இறக்கைகள் மூக்கை வலப்பக்கம் தள்ளும் வாக்கில் சில பாகை சாய்ந்தும் இருக்க வேண்டும். இதைச் சப்-ட்ரிமால் செய்யாதீர்கள். புஷ்ராட் நீளத்தை மாற்றுங்கள், அல்லது சர்வோவைப் பூம் மேல் நகர்த்துங்கள்.

பிறகு இரண்டு திசைகள். இரண்டும் தனித்தனி, இங்கேதான் குழப்பமே. குச்சியை வலப்பக்கம் தள்ளினால் இறக்கைகள் மூக்கை வலப்பக்கம் தள்ளும் வாக்கில் சாய வேண்டும். மாறியிருந்தால் டிரான்ஸ்மிட்டரில் ரிவர்ஸ் செய்யுங்கள். அப்போது ஸ்லைடர் எந்தப் பக்கம் போனது என்று மனதில் வையுங்கள். அடுத்து ஹெலியைக் கையில் எடுத்து மூக்கை வெடுக்கென்று இடப்பக்கம் திருப்புங்கள். ஸ்லைடர் அதே பக்கம் ஓட வேண்டும். எதிர்ப்பக்கம் ஓடினால் கைரோவிலுள்ள திசைச் சுவிட்சை மாற்றுங்கள். இது தப்பாக இருந்தால் ஹெலி தரையை விட்டுக் கிளம்பும் முன்பே பம்பரமாகச் சுற்றும். குச்சியால் நிறுத்த முடியாது.

லிமிட் குமிழைத் திருப்பி, ஸ்லைடர் இரு கோடிக்கும் மோதாமல் போகுமாறு வையுங்கள். லிமிட்டை மிகவும் குறைக்க வேண்டியிருந்தால் சர்வோ கையில் பாலை உள் துளைக்கு மாற்றுங்கள். முழுக்கக் கூட்டியும் எட்டவில்லையென்றால் வெளித் துளைக்கு. வேகமான டிஜிட்டல் சர்வோவுக்கு டிலே பூஜ்யம்.

ஹெடிங் ஹோல்டுக்கு மாற்றியதும் பலர் பயந்துபோகிறார்கள். மேசையில் குச்சியை விட்டாலும் ஸ்லைடர் நடுவுக்கு வராது, மெல்ல ஓரத்துக்கு ஊர்ந்துகூடப் போகும். ஹெலி திரும்பவில்லையே என்று கைரோ இன்னும் தள்ளிப் பார்க்கிறது, அவ்வளவுதான். கோளாறு இல்லை.

திடலில்

கம்பிகளை மாட்டி, திறந்த வெளியில் ரேட் மோடில் ஹோவர் செய்யுங்கள். மூக்கு ஒரு பக்கமாக நகர்ந்தால் இறக்கி, பால் லிங்கை ஓரிரு சுற்றுத் திருகி மீண்டும் பாருங்கள். தானாக ஓரளவு நின்றபின் ஹெடிங் ஹோல்டு. கெயினைச் சுமார் 30 சதவீதத்தில் தொடங்குங்கள். பழைய ஸ்பெக்ட்ரம் டிஎக்ஸ் ரேடியோக்களில் 50தான் பூஜ்யம், அதற்கு மேல் ஹெடிங் ஹோல்டு. ஆகவே ஒரு ரேடியோவின் எண்ணை இன்னொன்றில் அப்படியே போடாதீர்கள். வால் படபடவென்று துடிக்கும்வரை சிறிது சிறிதாகக் கூட்டி, பிறகு துடிப்பு நிற்கும்வரை குறையுங்கள். விசிறி வேகம் கூடினால் வாலின் பலமும் கூடும்; ஐடில்-அப்புக்குத் தனியாகக் குறைந்த கெயின் வேண்டியிருக்கும்.

அடங்காத வால்

வேகத் துடிப்பு என்றால் கெயின் அதிகம். கெயினைக் குறைத்தும் மெதுவாக நாய்வால் போல ஆடினால் ஸ்லைடர் உரசல், பெல்ட் தளர்வு, மந்தமான சர்வோ ஆகியவற்றைத் தேடுங்கள்.

கலெக்டிவ்வைச் சட்டென்று ஏற்றும்போது மட்டும் மூக்கு இடப்பக்கம் வீசினால், வாலுக்கு வலப்பக்கத் தள்ளுபலம் போதவில்லை. அந்தப் பக்கம் ஸ்லைடர் கடைசிவரை போகிறதா, விசிறி வேகம் இறங்குகிறதா என்று பாருங்கள். கெயினைக் கூட்டி இதை மறைக்க முடியாது.

சுற்றிவந்து நிற்கும்போது வால் ஒருமுறை எகிறித் திரும்பினால், மெதுவான சர்வோவுக்கு டிலேயைக் கொஞ்சம் கூட்டலாம்.

ஹெடிங் ஹோல்டில் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் முதலில் ட்ரிம்மைப் பாருங்கள். அது பூஜ்யமாக இருந்தால் அதிர்வுதான் காரணமா என்று தேடுங்கள்: வளைந்த தண்டு, எடை மாறிய வால் இறக்கை, தேய்ந்த பியரிங். காரின் ஏசியிலிருந்து எடுத்து உச்சி வெயிலில் உடனே பறக்கவிட்டாலும் பழைய கைரோக்கள் இப்படி நகரும். சில நிமிடம் வெளியில் வைத்து, வெப்பம் சமமானபின் மின்சாரம் கொடுங்கள்.

காரணமே இல்லாமல் வால் திடீர் திடீரென்று உதைத்தால், அதுவும் காற்று வறண்ட நாளில், பெல்ட்டில் சேரும் நிலைமின்சாரத்தைச் சந்தேகியுங்கள். பெல்ட்டில் கொஞ்சம் சிலிகான் தெளித்து, பூமையும் மோட்டார் மவுண்டையும் மெல்லிய கம்பியால் இணைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் வால் பெட்டியின் பியரிங்குகளைக் கழற்றி ஒவ்வொன்றாக விரலில் சுழற்றிப் பாருங்கள். அப்போதும் குறை தெரியாவிட்டால்தான் கைரோவை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.