மலைச்சாரலில் ஒரு வீடு: அளவையும் மதிப்பீடும்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பது நம்மவர் நாவில் வழங்கும் பழமொழி. கல்யாணச் செலவை முன்கூட்டி அளந்துகொள்ளும் கலை இன்னும் தோன்றிற்றில்லை. வீட்டுச் செலவை அளப்பதற்கோ தனியே ஒரு சாத்திரம் உண்டு. கணிய அளவை எனப்படும் அதனை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே பட்டப்படிப்பாகக் கற்பிக்கின்றனர். இலங்கைக் கணிய அளவையாளர் நிறுவகம் 1983ஆம் ஆண்டிலே தோன்றியது. அச்சாத்திரத்தை முற்றும் விரித்துரைக்க இம்மலரில் இடமில்லை. ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலே, பதுளை தொடங்கி மொனராகலை ஈறாகவுள்ள மலைச்சாரல்களிலே, ஒரு சிறு வீடு கட்டப் புகுவோர் எவற்றை அளத்தல் வேண்டும், எவை அளக்கப்படாமல் விடப்படுகின்றன என்பதையே ஈண்டு ஆராயப் புகுந்தோம். ஏட்டில் எழுதப்படாத செலவும் செலவே. அது குடியிருப்பவன் தலையில் என்றோ ஒருநாள் வந்து விழும்.

இதற்கு முதற்சான்று நாமெல்லாம் கண்டறிந்த லயங்களே. பழைய லயக் காம்பரா ஒன்றன் அளவு பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. பத்துக் காம்பராக்களைத் தனித்தனியே கட்டுவதாயின் ஒவ்வொன்றுக்கும் 44 அடியாக 440 அடி நீளச் சுவர் வேண்டும். அவற்றை ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டினால் முன்னும் பின்னும் 100 அடிச் சுவர் இரண்டு, குறுக்கே 12 அடிச் சுவர் பதினொன்று, ஆக 332 அடி போதும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமாயின் இருபது காம்பராக்களுக்கு நீளச் சுவர் மூன்று, குறுக்குச் சுவர் இருபத்திரண்டு, ஆக 564 அடி. காம்பரா ஒன்றுக்கு விழும் சுவர் தனிவீட்டில் 44 அடி, ஒற்றை லயத்தில் 33 அடி, இரட்டை லயத்தில் 28 அடி. சுவரின் தடிப்பை விட்டுக் கணக்கிட்டோம். கூரைக்கும் இதே நியாயம் பொருந்தும். அக்காலத்து மதிப்பீட்டாளர் கணக்கிற் பிழை செய்தாரல்லர். பின்சுவரிலே யன்னல் வைக்க வழியில்லாது போயிற்று. அடுப்புப் புகை வெளியேற வழியில்லாது போயிற்று. ஒரு வீட்டு இருமல் மறுவீட்டுக்குக் கேட்டது. இவற்றுக்கு அவர்தம் ஏட்டில் நிரல் இருக்கவில்லை. அவற்றின் விலையைத் தலைமுறை தலைமுறையாக வேறொருவர் கொடுத்தனர்.

இன்று தோட்டங்களிலே லயங்களுக்கு மாற்றாகத் தனிவீடுகள் எழுந்து வருகின்றன. இந்திய அரசின் உதவியுடன் முதலில் 4,000 வீடுகள் மலையகத்துக்கு ஒதுக்கப்பட்டன. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் நோர்வூட்டிலே இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீடொன்றின் பரப்பு 550 சதுர அடி. நிலம் 7 பேர்ச். ஒரு பேர்ச் 272¼ சதுர அடியாதலின் 7 பேர்ச் ஏறத்தாழ 1,906 சதுர அடியாகும். யாழ்ப்பாணத்து அன்பர்க்கு விளங்கச் சொல்வதாயின் முக்காற் பரப்புக்குச் சற்றுக் குறைவு. 2023ஆம் ஆண்டிலே இரண்டாவது தொகுதி வீடுகளுக்கான தொகை வீடொன்றுக்கு 28 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. வகுத்துப் பார்ப்பின் சதுர அடிக்கு ஏறத்தாழ 5,090 ரூபா வருகின்றது.

இவ்வாறு வகுத்துப் பார்ப்பதே பலரும் அறிந்த மதிப்பீடு. சதுர அடிக்கு இவ்வளவு என்று மேசன் சொல்வார்; நாமும் பெருக்கிப் பார்த்துத் தலையசைப்போம். சமநிலத்திலே, பாதையோரத்திலே அது ஓரளவு செல்லும். மலைச்சாரலில் அது வழிதவறச் செய்யும். ஏனெனில் அங்கே பெருஞ்செலவு நிலமட்டத்துக்குக் கீழும் வீட்டுக்கு வரும் வழியிலும் கிடக்கின்றது. அதனைக் காட்ட ஒரு வீட்டை அளந்து பார்ப்போம்.

வெளியளவு 25 அடிக்கு 22 அடியாக 550 சதுர அடி வீடொன்றை எடுத்துக்கொள்வோம். நாற்புறச் சுவரையும் வெளியளவாற் கூட்டினால் 94 அடி. அப்படியே எழுதினால் மூலை ஒவ்வொன்றும் இருமுறை கணக்கில் ஏறும். சுவர்த் தடிப்பு 6 அங்குலமாதலின் நான்கு மூலைக்கும் 2 அடியைக் கழித்து 92 அடி எனக் கொள்ளல் வேண்டும். சுவரின் நடுக்கோட்டை அளத்தல் என்பது இதுவே. உட்சுவர் 42 அடி என வைத்துக்கொண்டால் மொத்தம் 134 அடி. உயரம் 9 அடி. ஆகவே 1,206 சதுர அடி. கதவு யன்னல்களுக்கு 156 சதுர அடியைக் கழிக்க எஞ்சுவது 1,050. சாந்துடன் சேர்த்துச் சீமெந்துக் கல்லின் முகம் 16 அங்குலத்துக்கு 8 அங்குலம். ஆகவே 1,181 கல். உடைவுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்து 1,240 கல். கூரையடி முக்கோணச் சுவரை வேறாக அளத்தல் வேண்டும்.

ஒவ்வோர் அளவையும் அளவைத் தாளில் எத்தனை, நீளம், அகலம், உயரம் என்று தனித்தனியே எழுதிப் பின்னரே பெருக்குதல் வேண்டும். விடையை மட்டும் எழுதிவைத்த தாளை மற்றொருவர் சரிபார்க்க இயலாது. கொங்கிறீற்று எழுதும்போது மாணவர் ஒன்றை நினைவிற்கொள்ளல் நன்று. ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்னும் கலவையில் 100 கன அடி கொங்கிறீற்றுக்கு உலர்ந்த பொருள் ஏறத்தாழ 154 கன அடி வேண்டும். மணல் கல்லின் இடைவெளியிற் புகுந்துவிடும். சீமெந்து மணலின் இடைவெளியிற் புகுந்துவிடும். இதனை அறியாதார் முக்கால் வேலையிலே பொருள் முடிந்து நிற்பர்.

இனி நிலத்துக்கு வருவோம். 7 பேர்ச் நிலம் 33 அடி அகலமும் 57¾ அடி நீளமும் உடையது எனக் கொள்க. சரிவு 5 அடிக்கு 1 அடி. மலைநாட்டார் இதனை மெல்லிய சரிவு என்பர். வீட்டுக்கு 22 அடி, முன்னும் பின்னும் நடமாட 4 அடியாக 30 அடி ஆழத்துக்கு மேடையொன்று வெட்டுதல் வேண்டும். மேற்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் 6 அடி உயர வேறுபாடு. இதனைச் செய்ய வழி இரண்டு. பின்பாதியை வெட்டி அம்மண்ணால் முன்பாதியை நிரப்புவது ஒன்று: வெட்டும் முக்கோணம் 15 அடிக்கு 3 அடி, 33 அடி நீளத்துக்கு 742½ கன அடி மண். முழு மேடையையும் வெட்டி எடுப்பது மற்றொன்று: முக்கோணம் 30 அடிக்கு 6 அடி, 2,970 கன அடி மண், ஏறத்தாழ 30 கியூப். முதலாவது வழியைப் போல் நான்கு மடங்கு! மலிவான வழியை எவருக்குத்தான் விருப்பமில்லை? ஆயின் அவ்வழியிலே வீட்டின் முன்பாதி நிரப்பிய மண்ணின்மேல் நிற்கின்றது. படைபடையாக நிரப்பித் திமிசு போட்டு இறுக்காத மண் இரண்டு மழைக்காலத்துள் இறங்கும். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே சுவர் வெடிக்கும். ஊவாவின் புதுவீடுகள் சிலவற்றில் அவ்வெடிப்பை நாம் கண்டுள்ளோம்.

முழுதும் வெட்டினாலோ வேறு கணக்குகள் தொடரும். தோண்டிய மண் நாலிலொரு பங்கு பொங்கும். 30 கியூப் 37 கியூப் ஆகும். அதனைக் கீழே சரித்துவிட்டால் கீழ்வீட்டுக்காரனின் கானை அது அடைக்கும். மேற்புறத்தில் 6 அடி உயர வெட்டுமுகம் நிற்கின்றது. அதற்கு நிலத்துக்குள் ஓரடி சேர்த்து 7 அடி உயரமும் சராசரி 2½ அடித் தடிப்பும் உடைய கருங்கல் தாங்குசுவர் 33 அடிக்கு வேண்டும் எனின், 577½ கன அடிக் கல்வேலை. வீட்டின் அத்திவாரக் கல்வேலையையும் அளப்போம்: 134 அடி நீளம், 1¼ அடி அகலம், 2 அடி ஆழம், ஆக 335 கன அடி. வீட்டைத் தாங்கும் கல்லிலும் மலையைத் தாங்கும் கல் மிகுதி. சதுர அடிக் கணக்கிலே இந்தச் சுவர் எங்கே இருக்கின்றது?

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று எவரும் எண்ணாதிருக்க. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையிலே கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம், 2011ஆம் ஆண்டுகளில் எச்சரித்திருந்தது. மக்களை வேறிடத்துக்கு மாற்றும் செலவை எவரும் தமது ஏட்டில் எழுதிக்கொள்ளவில்லை. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலிலும் பதுளை மாவட்டத்தின் சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. ஆகலின் மதிப்பீட்டின் முதல்வரி அந்நிறுவனத்தாரைக் கொண்டு நிலத்தைப் பரிசோதிப்பித்தலாக இருத்தல் வேண்டும் என்பது எமது துணிபு. அவர்கள் ஆகாதென்ற நிலத்துக்கு இரண்டாவது வரி எழுத வேண்டியதில்லை.

அடுத்தது வழி. லொறி வந்து நிற்குமிடத்துக்கும் வீட்டு நிலத்துக்கும் இடையே தேயிலை மலையோ, மொனராகலைப் பக்கமாயின் இறப்பர்க் காடோ கிடக்கும். ஒரு கியூப் மணல் 100 கன அடி. நிறை ஏறத்தாழ நாலரைத் தொன். தலைச்சுமை 25 கிலோ எனின் 180 நடை. போய்வரக் கால்மணி எனின் 45 மணி, அஃதாவது ஏறக்குறைய ஆறு நாள் வேலை. குடும்பத்தாரே சுமந்தால் செலவில்லை என்று கூறுவாருளர். சுமந்த நாளில் தோட்டத்திலே பேர் விழாது என்பதை அவர் மறந்தார். 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தின்படி ஆறு நாளுக்கு 8,100 ரூபா. ஒரு கியூப் மணலுக்கு இவ்வளவு. கல்லும் சீமெந்தும் கூரைத் தகடும் இன்னும் கீழேதான் நிற்கின்றன. பல குடும்பங்கள் வட்டிக்குக் கடன்பட்டதும், கூரையில்லாச் சுவர்கள் மழையில் நின்றதும் பெரும்பாலும் இந்த எழுதாத வரிகளாலேயே என்பது நாம் விசாரித்தறிந்தது.

காலத்தைப் பற்றியும் ஒருசொல். திகதியில்லாத மதிப்பீடு மதிப்பீடாகாது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 50 கிலோச் சீமெந்துப் பை ஏறத்தாழ 1,000 ரூபா. 2022இன் நடுப்பகுதியில் ஏறத்தாழ 3,000. அவ்வாண்டிலே டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிற்று. இத்தகைய காலத்தில் ரூபாவை மட்டும் எழுதிவைத்தவர் கையில் ஒன்றும் எஞ்சவில்லை. இத்தனை கல், இத்தனை பை, இத்தனை கியூப் என்று கணியத்தை எழுதிவைத்தவர் புதுவிலையை இட்டு ஒரு மாலைப்பொழுதிலே கணக்கைத் திருத்திக்கொண்டார். வரைபடம் மில்லிமீற்றரிலும் மேசனின் நாடா அடியிலும் இருக்கும். இடையிடையே மாற்றாமல் ஈற்றில் ஒருமுறை மாற்றுக.

திகதியை எழுதும்போது மழையையும் எண்ணுதல் வேண்டும். ஊவாவிற்குப் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வருவது; ஜூன் முதல் செப்டெம்பர் வரை வரட்சி. மண்வெட்டும் வேலையை அவ்வரட்சியின் தொடக்கத்திலே வைத்து, தாங்குசுவரையும், அதன் நீர்வடி துளைகளையும், மேற்புறக் கானையும் செப்டெம்பருக்குள் முடிக்கத்தக்கதாகப் பணத்தைப் பிரித்துவைத்தல் வேண்டும். சுவருக்கும் கூரைக்கும் அடுத்த தவணைப் பணம் வரும்வரை காத்திருக்கலாம். வெட்டிய மலைமுகம் அதுவரை காத்திராது.