உயிரைத் தாங்கும் கயிறு

ஒரு கடையில் இரண்டு கயிறுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நைலானால் ஆனவை. இரண்டின் விட்டமும் 11 மில்லிமீட்டர். எதில் ஒரு மனிதர் தொங்கினாலும் அது அறுந்துவிடாது. ஒன்று மலையேறுவோருக்காகச் செய்யப்பட்டது. மற்றொன்று உயரமான மரங்களில் ஏறி வேலை செய்வோருக்காகச் செய்யப்பட்டது. முதல் கயிற்றை மரவேலைக்குக் கொண்டுபோனால் வேலை சரிவர நடக்காது. இரண்டாம் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறையில் ஏறி, தவறி விழுந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

அறுந்து போகாத கயிறு எப்படி ஆபத்தை உண்டாக்கும்? இந்தக் கேள்விக்கு விடை கண்டால், கயிற்றைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள அறிவியல் நமக்கு விளங்கிவிடும்.

மரத்தில் ஒரு தொழில்

பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளில் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் ஓக், பீச் போன்ற பெரிய மரங்கள் உள்ளன. காய்ந்த கிளைகளை வெட்டுவதும், நோயுற்ற பகுதிகளை அகற்றுவதும் அங்கே தனிப் பயிற்சி பெற்றவர்களின் தொழில். இவர்களை ஆர்பரிஸ்ட் என்பார்கள். இவர்கள் இடுப்பில் உறுதியான கச்சை ஒன்றை அணிந்துகொள்கிறார்கள். மரத்தின் உச்சிக்கு அருகில் உள்ள வலுவான கவையில் கயிற்றை மாட்டி, அதைப் பற்றி ஏறுகிறார்கள். பிறகு அதே கயிற்றில் தொங்கிக்கொண்டு கிளைக்குக் கிளை சென்று ரம்பத்தால் அறுக்கிறார்கள். ஏணியும் இருக்கையும் பாதுகாப்பும் அவர்களுக்கு அந்தக் கயிறுதான்.

சில மணி நேரம் தொடர்ந்து அதில் தொங்க வேண்டும். ஆகவே அவர்களுக்கு வேண்டியது அதிகம் நீளாத கயிறு. 20 மீட்டர் கயிற்றில் ஒருவர் ஏறத் தொடங்குகிறார். கயிறு அவருடைய எடையால் 8 சதவீதம் நீண்டால், 1.6 மீட்டர் கயிற்றை இழுத்த பிறகுதான் கால் தரையைவிட்டு எழும்பும். 2 சதவீதமே நீளும் கயிறானால் 40 சென்டிமீட்டர் போதும். மேலும், நீளும் கயிற்றில் தொங்குபவர் ஒவ்வோர் அசைவிலும் ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடுவார். கையில் ரம்பத்துடன் அப்படி ஆடுவது நல்லதல்லவே!

இதனால் ஐரோப்பாவில் இவ்வகைக் கயிறுகளுக்கு இ.என். 1891 என்ற தரம் வகுக்கப்பட்டுள்ளது. சுமையை 50 கிலோகிராமிலிருந்து 150 கிலோகிராமாக உயர்த்தும்போது கயிறு 5 சதவீதத்திற்கு மேல் நீளக் கூடாது என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. மலையேறும் கயிறுகளுக்கு உரியது இ.என். 892 என்ற தரம். அதன்படி கயிறு 80 கிலோகிராம் எடையில் 10 சதவீதம் வரையிலும், சோதனையில் எடை விழும்போது 40 சதவீதம் வரையிலும் நீளலாம். அங்கே நீட்சி குற்றமல்ல, தேவை. ஏன்?

விழுபவரை நிறுத்துவது எப்படி?

கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறீர்கள். பந்து நிற்பதற்கு அதிக தூரம் கிடைப்பதால் கையில் படும் விசை குறைகிறது. கயிறு செய்வதும் இதே வேலைதான்.

80 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர், கயிறு கட்டப்பட்ட கிளையின் உயரத்துக்கே ஏறிவிட்டார் என்று கொள்வோம். 2 மீட்டர் கயிறு தளர்ந்து தொங்குகிறது. அவர் தவறினால் 2 மீட்டர் தூரம் தடையின்றி விழுவார். அதன் பிறகு கயிறு இறுகி, நீண்டு, அவரை நிறுத்தும். அவருடைய நிலை ஆற்றல் முழுவதையும் கயிறுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். எனவே,

சராசரி விசை × நிற்கும் தூரம் = எடை × (விழுந்த தூரம் + நிற்கும் தூரம்)

புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்துக்கொண்டால் அவருடைய எடை 800 நியூட்டன்.

மலையேறும் கயிறு 0.6 மீட்டர் நீண்டு நிறுத்தினால்: 800 × 2.6 ÷ 0.6 = சுமார் 3,470 நியூட்டன்.

குறைவாக நீளும் கயிறு 0.2 மீட்டரில் நிறுத்தினால்: 800 × 2.2 ÷ 0.2 = 8,800 நியூட்டன்.

இரண்டாவது விசை அவருடைய எடையைப் போல் 11 மடங்கு! இதுவும் சராசரிதான், உச்ச விசை இன்னும் அதிகம். இ.என். 1891 தரத்தின் முதல் வகைக் கயிறு குறைந்தது 22,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். எனவே கயிறு அறாது. ஆனால் முதுகெலும்பும் உள்ளுறுப்புகளும் என்ன ஆகும்? விழுபவரைத் தடுக்கும் சாதனங்கள் உடலுக்கு 6,000 நியூட்டனுக்கு மேற்பட்ட விசையைத் தரக் கூடாது என்பது ஐரோப்பிய வரம்பு. முடிச்சு இறுகுவதும் கிளை வளைவதும் விசையை ஓரளவு குறைக்கும் என்றாலும், அதை நம்பி யாரும் இறங்க முடியாது. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: கயிறு தப்பிக்கும், மனிதர் தப்பமாட்டார்.

அப்படியானால் மரப் பணியாளர் எந்தத் துணிவில் அதைப் பயன்படுத்துகிறார்? கயிற்றைத் தளரவிடாமல் வைத்துக்கொள்வதில்தான் இரகசியம் இருக்கிறது. கயிறு எப்போதும் தலைக்கு மேலே மாட்டப்பட்டு, இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ச்சி 0.1 மீட்டர்தான் என்றால், அதே கயிறு இன்னொரு 0.1 மீட்டர் நீண்டு நிறுத்தினாலும் விசை 800 × 0.2 ÷ 0.1 = 1,600 நியூட்டன் மட்டுமே. மலையேறுபவருக்கு இந்த வசதி இல்லை. முன்னால் செல்பவர் கயிறு பொருத்திய இடத்துக்கு மேலே ஏறித்தான் ஆக வேண்டும்; தவறினால் நெடுந்தூரம் விழுவார். ஆகவே அவருக்கு நீளும் கயிறு.

இழைகளின் குணம்

ஒரு காலத்தில் மணிலாக் கயிறே எங்கும் பயன்பட்டது. அது பிலிப்பைன்ஸில் விளையும் அபாக்கா என்ற, வாழை இனத்தைச் சேர்ந்த செடியின் நார். ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே மக்கிப்போவது அதன் பெருங்குறை. 1935-இல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் நைலானை உருவாக்கினர். 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் ஆகியோர் பாலிஎஸ்டர் இழையைக் கண்டறிந்தனர். கயிற்றின் வரலாறே மாறியது.

நைலான் நன்கு நீளும், அதிர்ச்சியை ஏற்கும். ஆனால் நீரை உறிஞ்சும். நனைந்தால் வலிமையில் சுமார் 10 முதல் 15 சதவீதம் குறையும். பாலிஎஸ்டர் குறைவாக நீளும், நீரை ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை. நைலானை அமிலம் தாக்கும். பாலிஎஸ்டரை வலுவான காரம் தாக்கும். பாட்டரி அமிலம் சிந்திய வண்டியில் நைலான் கயிற்றை வைக்கக் கூடாது என்பது இதனால்தான். வெயிலின் புறஊதாக் கதிர்கள் இரண்டையும் கெடுக்கும். மரவேலைக் கயிறுகள் பலவற்றில் மேலுறை பாலிஎஸ்டராகவும் உட்கரு நைலானாகவோ பாலிஎஸ்டராகவோ இருக்கும்.

பாலிஎத்திலீனின் நெடிய மூலக்கூறுகளை நேராக இழுத்துச் செய்யப்படும் மற்றோர் இழையும் உண்டு. எடைக்கு எடை எஃகைவிடப் பன்மடங்கு வலிமையுடையது அது. மிக வலிமையான இழை என்றால் அதையே எல்லோரும் வாங்கலாமே! இங்கேதான் வெப்பம் குறுக்கே வருகிறது.

முடிச்சு சுடும்

மரப் பணியாளர் கயிற்றில் நினைத்த இடத்தில் நிற்கவும் இறங்கவும் உதவுவது உராய்வு முடிச்சு. மெல்லிய கயிறு ஒன்றைப் பெரிய கயிற்றின்மீது பல சுற்றுச் சுற்றிப் போடப்படுவது அது. சுமை ஏறினால் கவ்விக்கொள்ளும். கையால் தளர்த்தினால் நழுவும். 1931-இல் ஆஸ்திரிய மலையேற்ற வீரர் கார்ல் புரூசிக் விளக்கிய முடிச்சு இவ்வகையில் புகழ்பெற்றது.

80 கிலோகிராம் நிறையுள்ளவர் 15 மீட்டர் இறங்கினால் இழக்கும் நிலை ஆற்றல் 80 × 10 × 15 = 12,000 ஜூல். மெதுவாக இறங்கி நின்றுவிட்டால் அந்த ஆற்றல் எங்கே போயிற்று? உராய்வில் வெப்பமாகிவிட்டது. இந்த வெப்பம் 100 கிராம் நீரின் வெப்பநிலையைச் சுமார் 29 டிகிரி செல்சியஸ் உயர்த்தப் போதுமானது. அதில் பெரும் பங்கு ஒரு சிறிய முடிச்சின் மேற்பரப்பில் பிறக்கிறது. இழைகளோ வெப்பத்தை எளிதில் கடத்தாதவை.

வலிமை மிக்க பாலிஎத்திலீன் இழை சுமார் 145 டிகிரியில் உருகிவிடும். நைலான் வகைகள் சுமார் 220 முதல் 260 டிகிரியிலும், பாலிஎஸ்டர் சுமார் 255 டிகிரியிலும் உருகும். அராமிட் என்ற இழை உருகுவதில்லை. மிக அதிக வெப்பத்தில் கருகும். எனவே முடிச்சுப் போடும் சிறு கயிற்றுக்கு அராமிட் உறை விரும்பப்படுகிறது. வேகமாக வழுக்கி இறங்கக் கூடாது என்ற விதிக்கும் இதுவே காரணம்.

மிக மெல்லிய கயிற்றை விரும்பாததற்கும் காரணம் உண்டு. அதைக் கை இறுகப் பற்ற முடியாது. முடிச்சும் சரியாகக் கவ்வாது. அமெரிக்க மரப்பணித் தரமான இசட் 133, ஏறும் கயிற்றுக்குப் பொதுவாக அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் விட்டமும், புதிதாக இருக்கும்போது 24,000 நியூட்டன் வலிமையும் வேண்டும் என்கிறது.

கிளையின்மேல் ஓடும் கயிறு

முரட்டுக் காளையின் கயிற்றைக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் சிறுவன்கூடப் பிடித்து நிறுத்திவிடுவான். அந்த உராய்வு அவனுக்கு உதவி. கிளைமேல் போட்ட கயிற்றை இழுத்து ஏறுபவருக்கோ அதே உராய்வு பகை. உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், அரைச் சுற்று வளைந்து செல்லும் கயிற்றின் ஒரு பக்கத்தில் 100 நியூட்டன் சுமையைத் தூக்க மறுபக்கத்தில் சுமார் 257 நியூட்டன் இழுக்க வேண்டும்.

கயிறு தேய்வது ஒருபுறம் இருக்க, மரத்துக்கும் காயம் உண்டாகிறது. பீச் போன்ற மெல்லிய பட்டையுள்ள மரங்களில், பட்டைக்கு அடியில் உள்ள கேம்பியம் என்ற வளர்திசு நசுங்கிவிடும். ஆகவே கிளையில் ஒரு பட்டையைச் சுற்றி, அதிலுள்ள வளையங்களின் வழியே கயிற்றை ஓட விடுகிறார்கள்.

பின்னல், முடிச்சு, பராமரிப்பு

மூன்று புரிகளை முறுக்கிய கயிற்றில் சுமையைத் தொங்கவிட்டால் முறுக்கு அவிழ முயன்று சுமை சுழலும். பின்னிய கயிற்றில் பாதிப் புரிகள் வலமாகவும் பாதி இடமாகவும் செல்வதால் சுழற்சி சமனாகிவிடுகிறது. 16 புரிப் பின்னலில் மேலுறையே பெரும் சுமையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் கரு கயிற்றை உருண்டையாக வைத்திருக்கிறது. இ.என். 1891 கயிறுகளில் உட்கருவே பெரும் சுமையைத் தாங்க, உறை அதைக் காக்கிறது. இவற்றில் உள்ளே நேர்ந்த சேதம் கண்ணுக்குத் தெரியாது. கயிறு முழுவதையும் விரல்களுக்கிடையே உருவிப் பார்க்க வேண்டும். மெலிந்த இடம், கட்டியான இடம், விறைத்த இடம் தட்டுப்பட்டால் அந்தக் கயிற்றில் ஏறக் கூடாது.

முடிச்சுப் போட்டாலும் கயிறு பலம் குறையும். வளைவின் வெளிப்புற இழைகள் அதிகமாக இழுபட்டுச் சுமையைத் தாங்க, உட்புற இழைகள் சும்மா இருக்கின்றன. முடிச்சைப் பொறுத்து ஐந்தில் ஒரு பங்கு முதல் பாதி வரை வலிமை குறையலாம். 22,000 நியூட்டன் தாங்கும் கயிறு 1,000 நியூட்டன் எடைக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். முடிச்சு, ஈரம், வெயில், தேய்வு எல்லாம் போக மிஞ்சுவதில்தான் மனிதர் தொங்குகிறார்.

ஒன்றை மட்டும் எந்தக் கயிறும் தாங்காது. மோட்டார் ரம்பம் பட்டால் எவ்வளவு வலிமையான கயிறும் நொடியில் துண்டாகும். எனவே ரம்பத்தை இயக்கும்போது இரண்டாவதாக ஒரு பிடிப்பும் தேவை. பிரிட்டனின் 2005-ஆம் ஆண்டு உயரப்பணி விதிகள், கயிற்றில் தொங்கிச் செய்யும் வேலைக்குத் தனித்தனியாகக் கட்டிய இரண்டு கயிறுகள் வேண்டும் என்கின்றன; இரண்டாம் கயிற்றால் ஆபத்து அதிகரிக்கும் என்றால் மட்டுமே விலக்கு உண்டு. மனிதரைத் தாங்கும் சாதனங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியானவர் சோதிக்க வேண்டும் என்பதும் அங்குள்ள நடைமுறை.

ஆக, சிறந்த கயிறு என்று தனியாக ஒன்று இல்லை. வேலைக்கு ஏற்ற கயிறும், அதன் குணம் அறிந்து பயன்படுத்தும் மனிதரும் சேர்ந்ததே பாதுகாப்பு.

செய்து பாருங்கள்

ஒரு சிறு பையில் சில கூழாங்கற்களைப் போட்டுத் தையல் நூலில் கட்டுங்கள். நூலின் மறுமுனையைக் கம்பியில் கட்டி, பையைத் தரைக்கு அருகே தொங்கவிடுங்கள். நூல் தாங்கும். இப்போது பையை 20 சென்டிமீட்டர் உயர்த்தி விட்டுவிடுங்கள். நூல் அறும்வரை கற்களைக் கூட்டிச் செய்யுங்கள். பிறகு நூலுக்கும் பைக்கும் இடையே ஒரு ரப்பர் வளையத்தை இணைத்து, அதே கற்களுடன் மீண்டும் செய்யுங்கள். என்ன வேறுபாடு காண்கிறீர்கள்?

சிந்தியுங்கள்

1. 60 கிலோகிராம் நிறையுள்ளவர் 1 மீட்டர் விழுந்து, கயிறு 0.2 மீட்டர் நீண்டு நின்றால் சராசரி விசை என்ன?

2. மேலே கண்ட கயிறுகளுள், கிணற்றில் வாளி இறைக்க எந்தக் குணமுள்ள கயிறு ஏற்றது? ஏன்?