பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஸ்டியரிங்குக்குப் புதுத் தோல்: பயனுள்ள குறிப்புகள்

பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் என்ஜினுக்கும் பெயிண்டுக்கும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். ஸ்டியரிங் என்று வந்தால் மட்டும், "இது தேறாது, வேறு போட்டுக்கொள்ளலாம்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கடையில் வாங்கும் புது வளையம் எவ்வளவு பளபளத்தாலும் அந்தக் காரோடு வந்தது ஆகாது. அசல் ஸ்டியரிங்கில் பெரும்பாலும் பழுதாவது மேல்தோலும் பிளாஸ்டிக்கும்தான். உள்ளே இருக்கும் இரும்பு நன்றாக இருந்தால் அதை மீட்டுவிடலாம்.

நம் மாநிலத்தில் இப்படிக் காப்பாற்றத் தகுந்த வண்டிகளில் ஒன்று ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரயம்ஃப் ஹெரால்டை, 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்ட் நிறுவனம் இங்கே தயாரித்தது. வண்டியை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. அவரே வரைந்து 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி உருவானதுதான். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். அப்படி ஒடித்துத் திருப்பும் வண்டிக்குக் கைக்கு இணங்கிய ஸ்டியரிங் அவசியம்.

திண்டுக்கல்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. தோல் நம் ஊர்ச் சரக்கு.

1. முதலில், கையில் இருப்பது அந்த வண்டியின் அசல் ஸ்டியரிங்தானா என்று பாருங்கள். ஐம்பது அறுபது வருடம் ஓடிய வண்டியில் யாராவது மாற்றியிருக்கலாம். அதே வருட மாடல் வைத்திருப்பவரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வந்தால், அந்தக் காலத்து வளையம், ஆரக்கால், ஹார்ன் பொத்தான் எல்லாம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

2. எல்லா அசல் ஸ்டியரிங்கும் தோல் சுற்றியது அல்ல. 1960-களின் பல வண்டிகளில் இரும்புக் கம்பிமேல் கெட்டிப் பிளாஸ்டிக்கை வார்த்திருப்பார்கள். எம்.ஜி.பி. போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் 1970 வாக்கில் அலுமினிய ஆரக்காலும் தோல் சுற்றிய வளையமும் வந்தன. தோல் இல்லாமல் வந்த வளையத்துக்குத் தோல் போட்டே ஆகவேண்டும் என்பதில்லை. கீறலை அடைத்துப் பெயிண்ட் அடித்தாலே அது அசலாகிவிடும்.

3. கழற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். ஹார்ன் வயர் ஸ்டியரிங் நடுவில்தான் வருகிறது. முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, ஸ்டியரிங் தண்டிலும் நடுப்பகுதியிலும் ஒரே கோட்டில் சிறு புள்ளி குத்திக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் ஆரக்கால் கோணலாக நிற்கும்.

4. நட்டைத் தளர்த்துங்கள், முழுவதும் எடுத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று புரி பிடித்திருக்கட்டும். இறுகிப்போன ஸ்டியரிங் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிப்பதை அந்த நட்டுதான் தடுக்கும். வராவிட்டால் புல்லர் போட்டு இழுங்கள். பின்னாலிருந்து சுத்தியலால் தட்டவே கூடாது. சில வண்டிகளில் விபத்தின்போது மடங்கும்படி செய்த தண்டு அந்த அடியிலேயே கெட்டுவிடும். (ஏர்பேக் உள்ள வண்டியில் இந்த வேலையை வீட்டில் தொடவே வேண்டாம்.)

5. தோலுறை கறுத்து வழுவழுவென்று இருந்தால் உடனே பிரித்துவிடாதீர்கள். அது வருடக்கணக்கில் படிந்த கை வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பைக் கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து, சிறுபகுதியாகத் துடைத்துப் பாருங்கள். தையல் உறுதியாக, தோல் வெடிக்காமல் இருந்தால் சுத்தம் செய்து நிறம் ஏற்றினாலே போதும். பெட்ரோல், தின்னர் இரண்டும் தோலுக்கு எமன்.

6. பிரித்தே ஆகவேண்டும் என்றால் கிழிக்காமல் தையலை மட்டும் பிளேடால் அறுத்து எடுங்கள். பழைய உறைதான் உங்களுக்கு அளவுச் சட்டம். எங்கே இணைப்பு, எத்தனை துளை, ஆரக்காலைச் சுற்றி எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்ற எல்லாமே அதில் இருக்கிறது. பிரிக்கும் முன் நாலா பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

7. உண்மையான வேலை வளையத்தில்தான். பிளாஸ்டிக் வளையத்தில் ஆரக்கால் சேரும் இடங்களில் கீறல் விழுந்திருக்கும். இரும்பும் பிளாஸ்டிக்கும் வெயிலில் ஒரே அளவாக விரிவதில்லை. சிறுமலைக்குக் கீழே நம் சமவெளியில் சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் இந்த இழுபறி தினமும் நடக்கிறது. வெறும் பட்டியைத் தேய்த்து மறைத்தால் சில மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வெடிக்கும். ஆக்சா பிளேடாலோ முக்கோண அரத்தாலோ கீறலை ஆங்கில வி எழுத்துப் போல அகலப்படுத்தி, இரும்பு தெரியும் வரை போங்கள். துருவைச் சுரண்டித் துடையுங்கள். பிறகு எபாக்சி வகைப் பட்டியை, எம்-சீல் போன்றதை, அழுத்தி நிரப்புங்கள். மட்டத்துக்குக் கொஞ்சம் மேலாகவே நிற்கட்டும். ஒரு நாள் முழுக்க விட்டு, 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 220 என்று ஏறி, பெயிண்ட் அடிப்பதானால் 400-ஆம் எண் தண்ணீர்த் தாளில் முடியுங்கள். கண்ணை மூடி விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். மேலே ஒரு மில்லிமீட்டர் தோல்தான் வரப்போகிறது. அடியில் உள்ள மேடு பள்ளம் அத்தனையும் அதில் தெரியும்.

8. இரும்புக் கம்பியே வளைந்திருந்தாலோ, ஆரக்கால் நடுப்பகுதியோடு சேரும் இடத்தில் விரிசல் இருந்தாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். அந்த ஸ்டியரிங் சுவரில் மாட்டி வைக்கத்தான். மனசு கேட்காதுதான், ஆனாலும் வெல்டிங் வைத்து ஓட்ட வேண்டாம்.

9. மர வளையம் என்றால் தோல் சுற்றி மறைக்காதீர்கள். பழைய வார்னிஷைச் சுரண்டி, பிளவில் எபாக்சி விட்டு, நிறமில்லாத பூச்சை மெல்லிய அடுக்குகளாக ஏற்றுங்கள்.

10. அலுமினிய ஆரக்காலை உலோகம் துடைக்கும் பாலிஷால் மினுக்கலாம். குரோம் முலாம் பூசியதில் உப்புத்தாள் படக் கூடாது.

11. இனி தோல். திண்டுக்கல்லும் திருச்சியும் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடும் தோலுக்குப் பெயர்போன ஊர்கள். ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று உலகச் சந்தையில் பெயர் பெற்று, புவிசார் குறியீடும் வாங்கிய சரக்கு அது. அந்தத் தொழிலில் உழைத்தவர்களின் பாட்டை டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதி, 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். தோலைக் கையில் எடுக்கும்போது, அது எத்தனை பேர் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டையும் வீணாக்க மனம் வராது.

ஆனால் பட்டையில் பதனிட்டு வெளிர்நிறமாக வரும் தோலை அப்படியே ஸ்டியரிங்கில் சுற்றிவிடக் கூடாது. அது பாதி முடிந்த சரக்கு. வியர்வையைக் குடித்துத் திட்டுத் திட்டாகக் கறுக்கும். சாயமும் மேற்பூச்சும் ஏற்றி முடித்த தோலாகக் கேளுங்கள். தடிமன் 1 மி.மீ. முதல் 1.2 மி.மீ. வரை இருக்கட்டும். அதைவிடத் தடித்தால் வளைவில் மடிப்பு விழும். மெலிந்தால் தையல் இழுப்பில் கிழியும்.

12. தோல் சதுர அடிக் கணக்கில் விற்பனையாகிறது. ஆட்டுத்தோல் மென்மையாக வளையும், ஆனால் நீளம் போதாது. ஆரக்காலுக்கு ஆரக்கால் துண்டாக வெட்டி இணைக்க வேண்டும். ஒரே நீளப் பட்டையாக வேண்டுமென்றால் மாட்டுத்தோல்தான். எந்தத் தோலானாலும் முதுகுப் பகுதியைக் கேளுங்கள். வயிற்றுப் பகுதி இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகும், பிறகு தொளதொளவென்று ஆகிவிடும்.

13. கணக்கு ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 15 அங்குல ஸ்டியரிங்கின் வெளிச்சுற்று சுமார் 47 அங்குலம். வளையம் 1 அங்குலத் தடிமன் என்றால் உள்சுற்று 41 அங்குலம்தான். இந்த 6 அங்குல வித்தியாசம்தான் உள்பக்கத்தில் சுருக்கமாக வந்து நிற்கிறது. தோலை வெளிப்பக்கம் இழுத்து நீட்டித்தான் அதைச் சரிக்கட்ட வேண்டும். ஆகவே பட்டையை வெளிச்சுற்று அளவுக்கு வெட்டாமல் கொஞ்சம் குறைத்தே வெட்டுங்கள்.

14. பழைய உறை இல்லாவிட்டால், வளையத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அதன்மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டுங்கள். உள்பக்கம் தையல் வரும் கோட்டில் கீறிப் பிரித்தால் அதுவே அளவுச் சட்டம். வளையத்தின் பருமனைச் சுற்றி 80 மி.மீ. வந்தால் தோலின் அகலம் 75 மி.மீ. போதும். இழுத்துத் தைத்தபின் இரு ஓரத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி நிற்கும், அதன்மேல் நூல் படுக்கும். முதலில் ஒரு பழைய ரெக்சின் துண்டில் வெட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தோலில் கத்தியை வையுங்கள்.

15. ஓரத்தில் குத்தூசியால் துளை போட்டு நேரடியாகத் தைத்தால் இழுப்பில் துளை நீண்டு கிழியும். அதற்குப் பதில், தோலின் இரண்டு ஓரத்திலும் 3 மி.மீ. உள்ளே தள்ளி மெஷின் தையல் ஒன்று ஓட்டி வாங்குங்கள். சுற்றும்போது ஊசியை அந்த மெஷின் தையலின் நூலுக்கடியில் கோத்து இழுக்க வேண்டும், தோலைக் குத்த வேண்டியதே இல்லை. இரு ஓரத்திலும் தையல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

16. நூல் மெழுகேறிய பாலியெஸ்டராகவோ நைலானாகவோ இருக்கட்டும். பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். தைக்கும் நீளத்தைப்போல ஐந்து மடங்கு நூலை, இரு முனையிலும் முனை மழுங்கிய ஊசி கோத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆரக்கால் இடைவெளிக்கும் தனித்தனி நூல்.

17. தைக்கும் முன் தோலின் உள்பக்கத்தை ஈரத்துணியால் லேசாகத் தடவுங்கள். ஈரத்தில் தோல் இழுபடும், காய்ந்தபின் வளையத்தைக் கவ்விக்கொள்ளும். ஆரக்காலில் தொடங்கி, இரண்டு ஊசியையும் பெருக்கல் குறி போல மாற்றி மாற்றிக் கோத்து வாருங்கள். நாலைந்து தையலுக்கு ஒருமுறை நிறுத்தி, முந்தையதெல்லாம் ஒரே இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அவசரப்பட்டால் முதல் பாதி ஒரு மாதிரியும் கடைசிப் பாதி வேறு மாதிரியும் தெரியும். விரலுக்குப் பிளாஸ்திரி சுற்றிக்கொள்ளுங்கள், நூல் அறுத்துவிடும்.

18. பசையை முழு வளையத்துக்கும் பூச வேண்டாம். அடுத்த முறை பிரிப்பவர் பாவம். ஆரக்கால் ஓரங்களில் தோல் நிற்காத இடத்துக்கு மட்டும் தோல் ஒட்டும் எஸ்.ஆர். பசை கொஞ்சம் போதும்.

19. நிழலில் ஒரு நாள் காயட்டும். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ சூடாக்கினால் தோல் விறைத்துவிடும்.

20. கையால் தைக்க நேரமில்லை என்றால் குஷன் கடையில் கொடுங்கள், அல்லது செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரைப் பிடியுங்கள். இரட்டை ஊசித் தையல் அவர் கைக்குப் பழகியது. வளையத்தைச் சரிசெய்து, அளவுச் சட்டமும் நூலும் நீங்களே கொண்டுபோய், பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

21. திரும்ப மாட்டும்போது குத்திவைத்த புள்ளிகளைச் சேருங்கள். நட்டும் வாஷரும் புதிதாக இருக்கட்டும். இறுக்குவதை மெக்கானிக் செய்யட்டும். ஹார்ன் அடிக்கிறதா, இண்டிகேட்டர் திரும்பியபின் தானாக அணைகிறதா என்று பாருங்கள். முதல் சில நாள் ஓட்டியபின் நட்டை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

22. தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். கறுத்து, நாறி, தையலையும் தளர்த்தும். பளபளப்புக்கு அடிக்கும் சிலிக்கான் ஸ்பிரே கையை வழுக்கவிடும். சானிடைசர் ஈரம் காயாமல் ஸ்டியரிங்கைத் தொட்டால் மேற்பூச்சு உரியும். தோலுக்கென்று விற்கும் கிரீமைத் துளியூண்டு எடுத்து வருடத்தில் ஓரிரு முறை தடவினால் போதும். வெயிலில் நிறுத்தினால் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்துங்கள்.

23. கார் போய் ஸ்டியரிங் மட்டும் வீட்டுப் பரணில் கிடந்தாலும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். அதே மாடலை வைத்துக்கொண்டு அசல் வளையத்தைத் தேடி அலைகிறவர் எங்கோ இருப்பார். அவரிடம் சேர்த்துவிடுங்கள்.