மலையேற எந்த ஷூ? சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

மலையேற்றத்துக்கென்று கடைகளில் விற்கும் ஷூக்கள் பெரும்பாலும் மூன்று வகை. கணுக்காலுக்குக் கீழே நிற்பவை, கணுக்காலை மூடுபவை, அதற்கும் மேலே ஏறும் கனத்த தோல் பூட்ஸ். மூன்றாவது வகைதான் அசல் மலைக் காலணி, மற்ற இரண்டும் காசில்லாதவர்கள் செய்துகொள்ளும் சமாதானம் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. கொடைக்கானல், டாப்ஸ்லிப், கொல்லிமலைப் பக்கம் ஓரிரு நாள் நடக்கப் போகிறவர் இந்த எண்ணத்தோடு கடைக்குப் போனால் பணமும் போகும், காலும் வலிக்கும்.

நம்பிக்கை: விலை கூடினால் கால் வலிக்காது.

கால் வலியைத் தீர்மானிப்பது விலையைவிட அளவுதான். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கால் அச்சு வைத்துக்கொண்டு அதன்மேல்தான் ஷூவை உருவாக்குகிறது. அந்த அச்சின் அகலம் யாருடைய காலுக்காக வகுக்கப்பட்டது என்பது முக்கியம். சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்பது அதில் தெரியவந்த முக்கியமான செய்தி. ஆனாலும் இந்தியக் கடைகளில் நெடுங்காலமாகப் புழங்கிவருவது பிரிட்டிஷ் அளவு முறை.

அகலம் போதாதபோது நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது நீளத்தில் ஓர் அளவு கூட்டி வாங்குவது. முன்பாதத்துக்கு இடம் கிடைத்துவிடும்; குதிகால் உள்ளே வழுக்கத் தொடங்கும். ஏற்றத்தில் குதிகாலில் கொப்புளமும், இறக்கத்தில் விரல் நுனி மோதிக் கறுத்த நகமும் மிச்சம். அகலமான அச்சு கொண்ட வேறு மாடலைத் தேடுவதே சரி.

கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரமே ஷூ வாங்க ஏற்றது. மலைக்குப் போட்டுப் போகும் அதே சாக்ஸோடு செல்ல வேண்டும். முதலில் ஷூவின் உள்ளே இருக்கும் மெத்தையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நிற்கலாம். சுண்டுவிரலோ பெருவிரல் ஓரமோ மெத்தைக்கு வெளியே பிதுங்கினால் அந்த ஷூ ஒத்துவராது. பிறகு ஷூவைப் போட்டு லேஸைக் கட்டிப் படிக்கட்டில் இறங்கிப் பார்க்க வேண்டும். நேராக நிற்கையில் விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இறங்கும்போது விரல் முன்னால் இடிக்கக் கூடாது. ஏறும்போது குதிகால் எழும்பக் கூடாது. இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம் என்பதால் பெரிய காலுக்கு ஏற்றதையே வாங்க வேண்டும். “போடப் போடப் பழகிடும் சார்” என்று விற்பனையாளர் சொல்வது தோலுக்கு ஓரளவு பொருந்தும். செயற்கை இழை ஷூ பழகாது. கடையில் பிடித்தால் மலையிலும் பிடிக்கும்.

நம்பிக்கை: கணுக்காலை மூடிய பூட்ஸ் போட்டால் கால் பிசகாது.

அமெரிக்காவில் 600க்கும் மேற்பட்ட கல்லூரிக் கூடைப்பந்து வீரர்களிடம் உயர்ந்த ஷூவையும் தாழ்ந்த ஷூவையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. 1993இல் வெளியான அதன் முடிவில், இரு தரப்பிலும் கணுக்கால் சுளுக்கு ஏற்பட்டதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மைதானம் வேறு, மலைப்பாதை வேறுதான். என்றாலும் கணுக்கால் உயரத்துக்கு ஏறும் மெல்லிய துணி, உடல் எடையோடு மடங்கும் பாதத்தைத் தாங்கிப் பிடித்துவிடும் என்று நம்ப இடமில்லை. முறுக்கினால் எளிதில் முறுகாத அடிப்பாகமும், தரைக்கு நெருக்கமான குதிகாலும், காலின் பழக்கமும் அதைவிட உதவும். வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் வெறுங்காலோடு ஏறி இறங்குகிற பக்தர்களை ஆண்டுதோறும் பார்க்கலாம்.

உயரமான பூட்ஸுக்கும் வேலை உண்டு. முள், சரளைக்கல், சேறு ஆகியவற்றைத் தடுக்கும். முதுகில் 15, 20 கிலோ சுமையோடு இமயத்தின் பனியில் நடக்கிறவருக்கு விறைப்பான பூட்ஸ் தேவை. மற்றவர்களுக்கு அதன் எடையே வினை. காலில் கட்டிய ஒரு கிலோவைத் தூக்கி நடக்க, முதுகில் சுமக்கும் ஒரு கிலோவுக்கு ஆவதைப்போல ஏறத்தாழ 5 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று ராணுவக் காலணி ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன. 1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயது அமெரிக்க மூதாட்டி, 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அப்பலாச்சியன் பாதையைச் சாதாரண கான்வாஸ் ஷூவிலேயே நடந்து முடித்தார்.

நம்பிக்கை: மழைக்காட்டுக்கு வாட்டர்ப்ரூஃப் ஷூதான் வேண்டும்.

கோர்டெக்ஸ் போன்ற படலங்கள் நீர்த்துளியை உள்ளே விடாமல், வியர்வை ஆவியை வெளியே விடும். ஆவி வெளியேற உள்ளே வெப்பமும் ஈரமும் வெளியைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். குளிர்ந்த, உலர்ந்த நாட்டில் இது நன்றாக நடக்கும். ஜூலையில் வால்பாறைக் காட்டில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்; வியர்வை போக வழியில்லாமல் சாக்ஸ் உள்ளிருந்தே நனையும். ஓடையில் கால் வைத்து மேல்வாய் வழியாகத் தண்ணீர் புகுந்தாலோ, அதே படலம் அதை வெளியே விடாது. வலைத்துணி ஷூவில் புகுந்த நீர் நடக்க நடக்க வடிந்துவிடும்; இரவில் ஓரளவு காய்ந்தும் விடும். ஆக, தென்னிந்திய மழைக்காலத்துக்கு வாட்டர்ப்ரூஃப் என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். அட்டைக்கும் அது தடையல்ல. முழங்கால்வரை ஏறும் நெருக்க நெசவு அட்டை உறைதான் அதற்கு மருந்து.

நம்பிக்கை: அடியில் பல் ஆழமாக இருந்தால் வழுக்காது.

சேற்றில் இது உண்மை. ஈரப் பாறையில் பிடிப்பைத் தருவது ரப்பரின் தன்மை. 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த மலையேறி விட்டாலே பிரமானி, அன்றைய ஆணி அடித்த தோல் அடிப்பாகத்துக்கு மாற்றாக ரப்பர் சோலை உருவாக்கினார். அந்தச் சோலுக்கு அமைந்த விப்ரம் என்ற பெயர் அவருடைய பெயரிலிருந்து வந்தது. விலை மலிந்த ஷூக்களில் வரும் பளபளப்பான பிளாஸ்டிக் சோல், பார்வைக்கு டிராக்டர் டயர்போல் இருந்தாலும் பாசி பிடித்த கல்லில் சறுக்கும். நகத்தால் அழுத்தினால் சற்றே பதிந்து மீள்வது நல்ல ரப்பர். மிக மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: போடாமல் வைத்திருந்தால் ஷூ கெடாது.

பல பூட்ஸ்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன். காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். சில ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த ஷூ முதல் நடையிலேயே பொடியாக உதிர்வது இதனால்தான். பாதி விலைக்குத் தள்ளுபடியில் வரும் பழைய சரக்கை வாங்கும்போது நடு அடுக்கை விரலால் அழுத்தி வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

பசையால் ஒட்டிய சோல் வாய் பிளக்காமலிருக்க, புதிதாக இருக்கும்போதே தெருவோரத் தொழிலாளியிடம் சுற்றிலும் தையல் போட்டுக்கொள்வது நம் ஊர் வழக்கம். குத்தூசியால் பக்கச் சுவரைத் துளைத்து மெழுகு நூலால் இழுத்துக் கட்டும் அந்தத் தையல் சாதாரண ஷூவின் ஆயுளை நன்றாகவே நீட்டும். வாட்டர்ப்ரூஃப் ஷூவில் போட்டால் படலம் ஓட்டையாகிவிடும். நனைந்த ஷூவை அடுப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும், பசை இளகும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும்.

கையில் மூவாயிரம் ரூபாய் இருப்பவர், அகலம் பொருந்திய, ரப்பர் சோல் கொண்ட தாழ்ந்த ஷூ ஒன்றும், மீதிப் பணத்தில் பருத்தி கலக்காத இரண்டு ஜோடி சாக்ஸும் வாங்கலாம். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளத்துக்கு வழிவிடும். வாங்கியதும் வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் போட்டு நடந்து பாருங்கள். மண் பட்ட ஷூவைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுப்பதில்லை.