முல்லைத்தீவின் நிரலைப் பாருங்கள்

கேள்வி: சேர், நான் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதினேன், பெறுபேறு வந்துவிட்டது. எங்கட குடும்பத்தில் கம்பசுக்குப் போகப்போகிற முதல் ஆள் நான்தான். "கிடைக்கக்கூடியதை மட்டும் மேலே போடு, இல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்காது" என்று பக்கத்து வீட்டு அண்ணா சொல்கிறார். கனடாவில் இருக்கிற மாமா கொழும்பில் தனியார் நிறுவனம் ஒன்றில் சேரச் சொல்கிறார், காசு தான் கட்டுவாராம். எதை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பிள்ளை, அண்ணா சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் நீங்கள் தரும் விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் இசட் புள்ளி எட்டுகிற முதலாவது கற்கைநெறியைத்தான் தருவார்கள். பெரிதாக ஆசைப்பட்டதை மேலே போட்டதால் கீழே உள்ளது பறிபோகாது. ஆகவே உங்கள் விருப்பம்தான் வரிசை. ஆனால் கிடைத்தாலும் போகமாட்டேன் என்று நினைக்கிற ஒன்றை, இடத்தை நிரப்புவதற்காகச் சேர்க்காதீர்கள். அதுவே கிடைத்துவிட்டால் பிறகு மாறுவது மிகவும் கடினம்.

அடுத்தது வெட்டுப்புள்ளி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் தமிழிலும் இருக்கிறது. அதில் முன்னைய ஆண்டு வெட்டுப்புள்ளிகளை மாவட்ட வாரியாகப் போட்டிருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் பலர் கொழும்பு, யாழ்ப்பாண நிரல்களைப் பார்த்துவிட்டே மனம் உடைந்துபோகிறார்கள். கலைப்பிரிவு போன்ற சில நீங்கலாக, பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மூன்றும் அந்தப் பதினாறில் உண்டு. உங்களுக்கு வேண்டியது முல்லைத்தீவின் நிரல். ஒரு வருடத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. சனத்தொகை குறைந்த மாவட்டத்துக்கு இடங்களும் சில மட்டுமே, நல்ல புள்ளி எடுத்தவர்கள் ஒன்றிரண்டு பேர் கூடினாலே வெட்டுப்புள்ளி ஏறிவிடும். மூன்று நான்கு வருடக் கைநூல்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து இடத்தை ஊகிக்காதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருப்பது திருநெல்வேலியில் அல்ல, கிளிநொச்சி அறிவியல் நகரில். ருகுணுப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் மாத்தறையில், பொறியியல் பீடம் காலியில். பம்பைமடுவில் இருப்பதும் இன்று யாழ்ப்பாணத்தின் வளாகம் அல்ல. 2021 ஆகஸ்ட் 1 முதல் அது வவுனியாப் பல்கலைக்கழகம், பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்று பீடங்கள் உண்டு. கணிதப் பிரிவுப் பிள்ளைக்குப் பிரயோக விஞ்ஞான பீடம் நல்ல தெரிவு. வீட்டுக்குக் கிட்ட என்பதாலேயே அதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

அறிவியல் நகருக்கோ பம்பைமடுவுக்கோ ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: விரிவுரையாளர் வெற்றிடம் எத்தனை, ஆய்வுகூடத்தில் கருவி வேலை செய்கிறதா, விடுதி எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும், தொழிற்பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள், போன தொகுதியினர் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள். கைநூலில் இந்தப் பதில்கள் இல்லை. பொறியியலை எண்ணினால், அந்தப் பட்டத்துக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் அங்கீகாரம் உண்டா என்பதையும் கட்டாயம் கேளுங்கள்.

மாமாவின் யோசனை அன்பில் வந்தது. ஆனாலும் காசு கட்டுமுன் இரண்டைப் பார்க்க வேண்டும். உள்நாட்டுப் பட்டம் என்றால், அந்த நிறுவனத்துக்குப் பட்டம் வழங்கும் அனுமதி இருப்பது மட்டும் போதாது, நீங்கள் சேரப்போகிற அந்தப் பட்டத்துக்கும் அரச அங்கீகாரம் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அதைத் தருகிற பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று ஆணைக்குழுவிடமே எழுத்தில் கேளுங்கள். முகவரின் வாய்ப்பேச்சையும் வண்ணத் துண்டுப்பிரசுரத்தையும் நம்பி, காணியை ஈடுவைத்துக் கட்டிய குடும்பங்கள் வன்னியில் இருக்கின்றன. பிறகு அரச வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் விஷயம் தெரியவருகிறது.

புள்ளி எதற்கும் எட்டாவிட்டாலும் வழி அடைபடாது. அறிவியல் நகரிலேயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தேசிய தொழிற்தகைமையில் படிப்படியாக ஏறி 7ஆம் மட்டத்தை எட்டினால் அது பட்டத்துக்குச் சமம்.

என் முடிவு இதுதான்: விரும்புகிற கற்கைநெறி அரச பல்கலைக்கழகம் ஒன்றில் கிடைத்தால் அதையே எடுங்கள். விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆகவே மாமாவின் காசு ஒரு மடிகணினிக்கும் இப்போதிருந்தே ஆங்கில வகுப்புக்கும் போகட்டும்.